வாழ்க்கைக் கதையின் இயைபு: உளவியலார் கொண்ட அளவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒருவரை நோக்கி, "நும் வாழ்க்கை வரலாற்றைக் கூறுக" எனக் கேட்பின், அவர் தாம் பிறந்த நாள் முதலாக நிகழ்ந்தன யாவற்றையுங் கூறுவதில்லை, கூறுதலும் இயலாது. பல்லாயிரம் நாள்களுட் சிலவற்றையே தேர்ந்தெடுப்பர். தேர்ந்தவற்றை ஒரு முறைப்பட நிறுத்துவர். ஒன்றன் விளைவாக மற்றொன்று நிகழ்ந்ததெனத் தொடுப்பர். ஈற்றில், "ஆதலால் யான் இத்தகையேன் ஆயினேன்" என முடிப்பர். தேர்தல், நிறுத்தல், தொடுத்தல், முடித்தல் என்னும் இந்நான்கும் கதை புனைவோர் செய்யுந் தொழில்களே. ஆதலின் தம் வாழ்க்கையைக் கூறும் ஒவ்வொருவரும் ஒருவகையில் நூலாசிரியரே எனலாம்.

அங்ஙனங் கூறப்படுங் கதையின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரு முழுமையாய் நிற்குந் தன்மையை இக்கட்டுரையில் இயைபு என வழங்குவோம். இலக்கியத் திறனாய்வாளர்க்கே உரியதாயிருந்த இப்பண்பினை, கடந்த நாற்பது ஆண்டுகளாக மேலைநாட்டு உளவியலார் எண்ணால் அளந்தறிய முயன்று வருகின்றனர். அவர்தம் முயற்சி எத்தகையது, அதனாற் பெற்ற பயன் யாது என்பவற்றை நோக்கி, கதை இயைந்திருப்பின் அதனைக் கூறியவர் உள்ளமும் நலமுற்றிருக்கும் எனக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு விடை காண்பதே இங்கு நாம் மேற்கொண்ட பணியாகும்.

இவ்வினாவின் வேர் பழமையானது. 1905 ஆம் ஆண்டில் வெளியிட்ட நோயாளி ஒருவரின் வரலாற்றிலே, வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட், தம்மிடம் வரும் உளநோயாளர் தம் வரலாற்றை ஒழுங்குபடக் கூற மாட்டாதவராயிருத்தலை எடுத்துக்காட்டினார். அவர்தம் கூற்றிலே காலங்கள் மயங்கும். இடையிடையே வெற்றிடங்கள் தோன்றும். நிகழ்ச்சிக்கும் காரணத்துக்குமுள்ள தொடர்பு அறுந்து கிடக்கும். சிகிச்சை நிறைவெய்துங்கால் வரலாறும் நிறைவெய்தும் என்பது அவர் கருத்து. உடைந்த கதை நோயின் அறிகுறி, இணைந்த கதை நலத்தின் அறிகுறி என்னும் எடுகோள் அப்பொழுதே ஊன்றப்பட்டுவிட்டது. பின்வந்த எரிக் எரிக்சன், 1950 இல் வெளியிட்ட 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்னும் நூலில், குமரப் பருவத்தினர் தாம் யார் என்பதைத் தேடித் தெளிதலே அப்பருவத்தின் தலையாய பணி என்றார். அத்தெளிவு ஒரு கதையின் வடிவத்திலேயே அமைகிறது என 1985 இல் ஒரு கொள்கையாக நிறுவியவர் அமெரிக்க உளவியலாளர் டான் மக்கடம்ஸ் ஆவர்.

மக்கடம்ஸ் வகுத்த நேர்காணல் முறை எளிமையானது. எனினும் நுட்பம் வாய்ந்தது. ஒருவர் தம் வாழ்க்கையை ஒரு நூலாகக் கருதி, அதன் அதிகாரங்களைப் பெயரிட்டு முதலிற் கூறுதல் வேண்டும். பின்னர், தாம் பெருமகிழ்வுற்ற நிகழ்ச்சி, பெருந்துயருற்ற நிகழ்ச்சி, வாழ்க்கையின் போக்கை மாற்றிய திருப்பம், மிக முந்திய நினைவு, எதிர்காலம் பற்றிய எண்ணம் என்பவற்றை ஒவ்வொன்றாக விரித்தல் வேண்டும். உரை முழுவதும் எழுத்திற் பெயர்க்கப்பட்டு, பயிற்சி பெற்ற இருவராலோ பலராலோ தனித்தனியே மதிப்பிடப்படும். அவர்தம் மதிப்பீடுகள் ஒத்துவரின் மட்டுமே அம்மதிப்பு ஏற்கப்படும். ஒருவர்தம் சுவையுணர்வு ஒன்றையே நம்பும் திறனாய்வினின்றும் இம்முறை வேறுபடுவது இவ்விடத்திலேயாம்.

ஆயினும், எதனை மதிப்பிடுவது என்னும் வினா எஞ்சி நின்றது. இதற்குத் தெளிந்த விடை கூறியவர்கள் யேர்மனியைச் சேர்ந்த தில்மன் ஹபர்மாசும் சூசன் புளக்கும் ஆவர். 2000 ஆம் ஆண்டிற் சேர்ந்தெழுதிய கட்டுரையில் இயைபினை அவர்கள் நான்காகப் பகுத்தனர். நிகழ்ச்சிகள் முன்பின் மயங்காது நிற்றல் காலவியைபு. முன்னிகழ்ந்தது பின்னிகழ்ந்ததற்குக் காரணமாதலும், ஒரு நிகழ்ச்சி தம் குணத்தை மாற்றியவாறு கூறப்படுதலுங் காரணவியைபு. பல நிகழ்ச்சிகளினூடே ஒரே கருத்து இழையோடல் கருத்தியைபு. ஒரு வாழ்க்கையில் எவை எப்பருவத்தில் நிகழ்தல் வேண்டுமெனச் சமுதாயம் எதிர்பார்க்கின்றதோ அதற்கு ஒத்து நடத்தல் மரபியைபு.

இப்பகுப்பினை ஹபர்மாஸ் பிராங்பேர்ட் நகரிலே சோதித்தார். 8, 12, 16, 20 என்னும் வயதுகளில் உள்ளோர், தம் வாழ்க்கையின் முதன்மையான ஏழு நினைவுகளை அட்டைகளில் எழுதி, கால முறையில் அடுக்கி, அவ்வேழும் இடம்பெறக் கால் மணி நேரம் தம் கதையைக் கூறினர். 2008 இல் வெளிவந்த முடிவு கருதத்தக்கது. எட்டு வயதுச் சிறுவர் தனி நிகழ்ச்சியைச் செவ்வனே கூற வல்லராயினும், அந்நிகழ்ச்சிகளை ஒரு வாழ்க்கையாகத் தொடுக்க வல்லரல்லர். கால ஒழுங்கு முன்னர்க் கைவருகிறது. காரணமுங் கருத்துங் கொண்டு வாழ்க்கையைத் தொடுக்கும் ஆற்றல் குமரப் பருவத்திலேயே படிப்படியாக முதிர்கின்றது. நிகழ்ச்சியைக் கூறுதல் வேறு, வாழ்க்கையைக் கூறுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும். மேல்வகுப்பு மாணவனை நோக்கி "நீ யார்?" எனக் கேட்பதும் கீழ்வகுப்பு மாணவனை நோக்கி அங்ஙனங் கேட்பதும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் உணர்தற்கு இவ்வாராய்ச்சி பெரிதும் உதவும்.

இதனின்றும் வேறான ஓர் அளவை, 2011 இல் எலெயின் ரீஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டது. இஃது ஒரு தனி நிகழ்ச்சியைப் பற்றிய கூற்றையும் அளக்க வல்லது. இடமுங் காலமும் புலப்படுதல், நிகழ்ச்சிகளின் வரிசை விளங்குதல், கூற்று ஒரு கருத்தை நோக்கிச் சென்று முடிதல் என்னும் மூன்றற்குந் தனித்தனியே 0 தொடக்கம் 3 வரை புள்ளி வழங்கப்படும். கதையை முன்னறியாத ஒருவர், செயல்களுள் நூற்றுக்கு 75க்கு மேற்பட்டவற்றைக் கால வரிசையில் நிறுத்த இயலுமாயின் வரிசைக்கு முழுப்புள்ளி உண்டு. இத்துணைத் திட்டமாக வரையறுத்தமையாற் குழந்தை கூறிய சிறு நிகழ்ச்சியையும் முதியோர் கூறிய நிகழ்ச்சியையும் ஒரே கோலால் அளக்க இயலுவதாயிற்று.

இனி, அளந்து கண்ட பயனை நோக்குவோம். பேர்கர் என்பாரும் மக்கடம்சும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், இயைபு மிக்க கதைகளைக் கூறியோர் உளநலம் மிக்கோராயுங் காணப்பட்டனர். அதற்கு முன்னரே, 1986 இல், ஜேம்ஸ் பென்னிபேக்கர், மாணவர் சிலரை நான்கு நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம், தம் உள்ளத்தைப் புண்படுத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் செய்தார். நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் ஒருங்கே எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. அவர்தம் எழுத்துக்களைச் சொற்சொல்லாக ஆராய்ந்தபோது, காரணத்தையுந் தெளிவையுங் குறிக்கும் சொற்கள் நாளுக்கு நாள் பெருகிய எழுத்துக்களை உடையோரே பெரும்பயன் எய்தினர் என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. முதல் நாளிலேயே செப்பமான கதையுடன் வந்தோர் பெற்ற பயன் பெரிதன்று. சிதறிய நினைவுகளுடன் வந்து அவற்றைத் தொடுத்து முடித்தோரே பயன் பெற்றனர். எனவே, பயன் தருவது கதையை உடைமையன்று, அதனை ஆக்குதலேயாம்.

இதுவரை கூறியவற்றால் இயைபு என்பது ஐயத்துக்கு இடமற்ற நற்பண்பு என்றே தோன்றும். ஆயினும், இவ்வளவைகளை ஏற்றுக்கொள்ளுமுன் மூன்று தடைகளை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது தடை மரபு பற்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடெரிக் பாட்லெற், 1932 இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர் படித்து மீட்டுங் கூறியவாற்றை விளக்குகிறார். கதையில் வரும் ஆவிகள் பலர் கூற்றில் மறைந்தன. பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடியாயிற்று. அம்மக்களுக்கு முற்றும் இயைந்து தோன்றிய கதை ஆங்கிலேயருக்கு இயைபற்றதாய்த் தோன்றவே, அவர்கள் தம்மையறியாமலே அதனைத் திருத்திக்கொண்டனர். இயைபு கதையில் மட்டும் இல்லை. கேட்போர் பழகிய மரபிலும் இருக்கிறது என்பது இதனால் விளங்கும். மக்கடம்ஸ் தாமும் இதனை மறுத்தாரல்லர். துன்பம் இன்பமாக மாறி முடியுங் கதைகளைப் பெரிதும் ஆராய்ந்த அவர், 2006 இல் எழுதிய நூலில், அத்தகைய கதை அமெரிக்கர் தம் நாட்டு மரபிற் கண்டு போற்றும் வடிவம் என்று எடுத்துக்காட்டினார். ஒரு நாட்டார் போற்றும் வடிவத்தை மாந்தர் அனைவர்க்கும் உளநலக் கோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இரண்டாவது தடை கேட்போர் பற்றியது. கனடா நாட்டு ஆய்வாளர் ஜனற் பவெலாசும் அவர்தம் துணைவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையொன்றில், ஒருவர் தாம் மயிரிழையில் உயிர் தப்பிய நிகழ்ச்சியை மற்றொருவர்க்குக் கூறினர். கேட்போர் சிலரிடம், கூறுவோர் அறியாவண்ணம், ஆங்கில 'ரி' எழுத்தில் தொடங்குஞ் சொற்களை எண்ணிக்கொண்டிருக்குமாறு சொல்லி வைத்திருந்தனர். கருத்தூன்றிக் கேளாத அவர்கள் முன்னிலையிற் கூறப்பட்ட கதைகள் குன்றின. சிறப்பாக அவற்றின் முடிவுகள் சிதைந்தன. கதை கூறுவோரும் கேட்போரும் சேர்ந்தே கதையை ஆக்குகின்றனர். அங்ஙனமாகவும், குறைந்த புள்ளி கூறியவர் பெயரில் மட்டுமே எழுதப்படுகிறது. கேளாச் செவிகளின் குற்றம் பேசிய நாவின் குற்றமாகக் கொள்ளப்படுதல் நீதியன்று.

மூன்றாவது தடையே யாவற்றினும் பெரியது. அது வாய்மை பற்றியது. 1982 இல் டொனல்ட் ஸ்பென்ஸ் என்பார், கதையின் வாய்மை வேறு, வரலாற்றின் வாய்மை வேறு என வற்புறுத்தினார். பொருந்தக் கூறப்பட்டது உண்மையாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பொய்யுரைப்போனும் பொருந்தவே உரைப்பான்; சில வேளைகளில் மெய்யுரைப்போனினும் நன்றாகப் பொருந்த உரைப்பான். காலவியைபும் காரணவியைபுங் கருத்தியைபும் நிறைந்த கதை, கூறுவோர் தம்மையே ஏமாற்றிக்கொண்ட கதையாகவும் இருத்தல் கூடும். இத்தடைக்கு மேற்கூறிய அளவைகளில் விடையில்லை.

விடை பிறிதோர் இடத்திலிருந்து வந்தது. கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த மேரி மெயினும் அவர்தம் துணைவரும் 1980களின் நடுப்பகுதியில் ஒரு நேர்காணலை வகுத்தனர். வளர்ந்தோர் ஒருவரை நோக்கி, குழந்தைப் பருவத்தில் தாய்க்குந் தமக்கும் இருந்த உறவை விளக்கும் ஐந்து பண்புச் சொற்களைக் கூறுமாறு கேட்பர். கூறியபின், ஒவ்வொரு சொல்லுக்குஞ் சான்றாகத் தாம் அதனைத் தெரிந்த காரணத்தை விளக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுமாறு கேட்பர். ஒருவர் "அன்பு மிக்கவர்" என்று கூறினாரெனக் கொள்வோம். "எந்நிகழ்ச்சியை நினைத்து அவ்வாறு கூறினீர்?" என வினவியபோது, "தாய் என்றால் அன்புதானே, தனியாக ஒன்றும் நினைவில்லை" என்று மறுமொழி கூறுவாராயின், அவர்தம் கூற்று வழுவழுப்பாயிருப்பினும் உள்ளீடற்றது. மற்றொருவர் "கடுமையானவர்" என்று கூறி, குடத்தை உடைத்த அன்று தாம் அடிபட்டதையும், அன்றிரவு ஒரு சொல்லும் பேசாமல் அன்னை எண்ணெய் தடவிவிட்டதையும், அக்கடுமையின் பொருள் தமக்கு இன்னும் முழுவதும் விளங்கவில்லை என்பதையுங் கூறுவாராயின், அவர் கதை இனிதாக முடிவடையாவிடினும் இயைபுடையதே. பொதுக்கூற்றுக்கு நிகழ்ச்சி சான்றாய் நிற்கின்றது. அறியாதது அறியாததாகவே கூறப்படுகின்றது. குழந்தைப் பருவம் இனியதா இன்னாததா என்பதை இங்கு அளப்பதில்லை. அதனைப் பற்றிய பேச்சின் நேர்மையே அளக்கப்படுகின்றது.

இம்மதிப்பீட்டுக்கு மெயின் துணைக்கொண்டவர் மெய்யியலாளர் போல் கிறைஸ். 1975 இல் அச்சேறிய தம் சொற்பொழிவிலே, நல்லுரையாடலுக்குரிய நெறிகளைக் கிறைஸ் நான்காக வகுத்தார். சான்றின்றிக் கூறாமை, வேண்டுமளவே கூறுதல், எடுத்த பொருளோடு தொடர்புறக் கூறுதல், தெளிவுறக் கூறுதல் என்பன அவை. தமிழ் கற்றோர்க்கு இவை புதுமையாகத் தோன்றா. நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை எண்ணுகிறது. அவற்றுட் குன்றக்கூறல், மிகைபடக்கூறல் என்னும் இரண்டும் அளவு பற்றியன. மற்றொன்று விரித்தல் தொடர்பு பற்றியது. மயங்க வைத்தல் தெளிவு பற்றியது. "அன்பு மிக்கவர்" என்று கூறிவிட்டு, அதற்கு மாறான நிகழ்ச்சிகளையே அடுக்குதல் மாறுகொளக் கூறல் என்னுங் குற்றத்தின்பாற்படும். ஒன்று நூலைப் பற்றியது, மற்றது உரையாடலைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததெனக் கூறுவார் எவருமில்லை. ஆயினும், சொல்லின் நேர்மைக்கு இலக்கணம் காண முயன்ற இரு மரபினர் ஒத்த இடங்களை வந்தடைந்தமை எண்ணி மகிழத்தக்கது.

மெயினின் அளவை வெறுங் கொள்கையாக நின்றதன்று. 1991 இல் பொனகி என்பாரும் ஸ்ரீல் என்பாரும் இலண்டனில் நடத்திய ஆய்விலே, மகப்பேற்றுக்கு முன்னர்த் தாய்மார் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கூறியவாற்றைக் கொண்டு, பிறக்கவிருந்த குழந்தை ஓராண்டு நிறைந்தபோது தாயோடு கொள்ளும் பற்றின் தன்மையைப் பெரும்பாலும் முன்னறிய முடிந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய வான் ஐசென்டூர்ன், 1995 இல், தாய் தந்தையர் கூற்றும் குழந்தையின் பற்றும் நூற்றுக்கு 75 அளவில் ஒத்துவருதலைக் காட்டினார். 2016 இல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோது இத்தொடர்பு முன்னர் எண்ணியதினுஞ் சிறிதெனத் தெரிந்தது. எனினும் அஃது இல்லையாகிவிடவில்லை.

எஞ்சியிருப்பது, இயைபு நலத்தைத் தருகிறதா, அன்றி நலமே இயைபைத் தருகிறதா என்னும் வினா. ஜொனதன் அட்லர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளி தருவது. உளச்சிகிச்சை பெற்ற 47 பேர், சிகிச்சைக்கு முன்னரும் ஒவ்வோர் அமர்வின் பின்னரும் எழுதிய ஏறத்தாழ 600 கூற்றுக்களை அவர் மதிப்பிட்டார். கூற்றுக்களின் இயைபு வளர்ந்தது உண்மையே. ஆனால் அவ்வளர்ச்சிக்கும் உளநல மேம்பாட்டுக்குந் தொடர்பு காணப்படவில்லை. தம் வாழ்க்கையைத் தாமே நடத்துகின்றோம் என்னும் உணர்வு கூற்றில் வளர்ந்ததே நலத்தோடு தொடர்புற்றது. அதுவும் நலத்துக்கு முந்தியே வளர்ந்தது.

நம் நாட்டிலிருந்தே மற்றொரு சான்று உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், வடகிழக்கிலங்கையில் அமைக்கப்பட்ட முகாம்களிலே, போரினாலும் பேரலையாலும் உள்ளம் புண்பட்ட 31 சிறார் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர், தம் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து கால முறையிற் கூறி, சிதறிய கொடிய நினைவுகளை அவ்வரலாற்றில் உரிய இடத்திற் பொருத்துஞ் சிகிச்சையைப் பெற்றனர். மற்றைப் பிரிவினர் கதையெதுவுங் கூறாது தியானத்திலுந் தளர்வுப் பயிற்சியிலும் ஈடுபட்டனர். இரு பிரிவினர்க்கும் ஆறு அமர்வுகளே. நடத்தியோர் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர். 2009 இல் கிளோடியா கட்டானியும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதங்களின் பின் முதற்பிரிவினருள் நூற்றுக்கு 81 பங்கினரும் இரண்டாம் பிரிவினருள் நூற்றுக்கு 71 பங்கினரும் நோய் நீங்கப்பெற்றிருந்தனர். இவ்வேறுபாடு ஒரு முறை மற்றதினுஞ் சிறந்ததெனக் கொள்ளப் போதியதன்று. முப்பத்தொருவரைக் கொண்டு முடிந்த முடிபு கூறலாகாதாயினும், கதையைத் தொடுத்தல் நலத்துக்கு ஒரு வழியேயன்றி அதுவே வழியன்று என்பதை இவ்வாய்வு நினைவூட்டுகின்றது. வாழ்க்கையைக் கதையாகக் காணுதல் எல்லார்க்கும் இயல்புமன்று, கடமையுமன்று என 2004 இல் வாதிட்ட மெய்யியலாளர் கேலன் ஸ்ரோசன் கூற்றும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றையெல்லாந் தொகுத்து நோக்குமிடத்து, நாம் எடுத்த வினாவுக்கு விடை ஒருவாறு தெளிவாகின்றது. இயைபு இருவகைப்படும். கேட்போர்க்கு எளிதில் விளங்குமாறு கதையின் உறுப்புக்கள் ஒழுங்குற நிற்றல் ஒன்று. கூறுவோர்தம் பொதுக்கூற்றும் அவர் நினைவில் உள்ள நிகழ்ச்சியும் ஒன்றுக்கொன்று மாறுபடாது நிற்றல் மற்றொன்று. முன்னையது அழகு; பின்னையது நேர்மை. இவ்விரண்டும் ஒருங்கே அமைதலும் உண்டு; பிரிந்து நிற்றலும் உண்டு. பிரிந்து நிற்குமிடத்துப் பின்னையதையே நாம் பெரிதெனக் கொள்ளல் வேண்டும். உளவியலார் பலர் முன்னையதையே அளந்து பின்னையதை அளந்ததாகக் கொண்டமை அவர்தம் முயற்சியிற் காணப்படுங் குறையாகும்.

இது நூலறிவோடு அமையும் வேறுபாடன்று. மாணவர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை வரையும்போது, துன்பத்தில் தொடங்கி நற்பாடத்தில் முடியுங் கட்டுரைக்கு மிகுந்த புள்ளியும், முடிவு காணாது நிற்குங் கட்டுரைக்குக் குறைந்த புள்ளியும் வழங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. "இங்ஙனங் கூறுகின்றாய், எந்நாளில் நிகழ்ந்தது கொண்டு கூறுகின்றாய்?" என்னும் ஒரு வினாவை ஆசிரியர் கேட்பாராயின், மாணவர் அழகிய கதையிலிருந்து நேரிய கதைக்கு வழிகாணுவர்.

இதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, உற்றாரையும் உடைமையையும் இழந்தோர் நம்மிடையே பலர் உளர். அவருள் ஒருவர் தம் வரலாற்றைக் கூறுங்கால், "அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை" என்று நிறுத்துவாராயின், வரிசைக்குரிய கோல் அவ்விடத்திற் புள்ளி வழங்காது. ஆனால் அவ்வெற்றிடம் அவர் உள்ளத்தின் குறையாக இல்லாமல், அவர் வாழ்ந்த வாழ்க்கையின் வடிவமாகவே இருத்தல் கூடும். வரிசையற்ற நாள்களை வரிசையற்றனவாகக் கூறுதலும் வாய்மையே. அத்தகையோர் முன் அமர்ந்து, சொற்களை எண்ணாது, பொருளை நோக்கிச் செவிகொடுத்தலே கேட்போர் கடன். கதை இயைய வேண்டுமென விரும்புவோர் முதலில் இயைய வேண்டியது தம் செவியே.